தஞ்சாவூர் சிஸ்டர்

அடுத்த மாதம் நீங்கள் மூன்று சிஸ்டர்களும் வெளிநாட்டு இல்லத்துக்கு விமானம் ஏறப்போகிறீர்கள். என்ன துணி எடுத்துவைக்க வேண்டும், எந்தத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், அங்கே குளிரா வெயிலா என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். "நீங்களும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்க" என்று மதர் என்னைக் கேட்டபோது முதலில் மறுத்தேன். காலமெல்லாம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் நர்சாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

ஆனால் அப்படி விமானம் ஏறி எங்களிடம் வந்த ஒரு பெண்ணோடு இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். வேற்று மொழிக்குள் புதிதாக நுழைகிறவள் எங்கே இடறுவாள், விழுந்தபிறகு எப்படி எழுந்திருப்பாள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

அவள் பெயர் நீமா. தான்சானியா நாட்டுப் பெண். அப்போது இருபத்தாறு வயது இருக்கும். நம் கன்னியர் சபை அங்கே இல்லம் தொடங்கியபின் சேர்ந்தவள். சொந்த நாட்டில் நர்ஸ் படித்து வேலையும் பார்த்தவள். இங்கே அனுப்பியபோது எங்கள் ஊருக்குப் போட்டார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் ஒரு கைகாட்டி வரும். அங்கே இறங்கி உள்ளே போனால் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற ஊர். அதன் ஓரத்தில் மூன்று அறையுள்ள கட்டடம். ஊர்க்காரர்கள் அதை 'சிஸ்டர் ஆஸ்பத்திரி' என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் நான்தான். வீட்டில் சமையலையும் கணக்கையும் பார்க்க இன்னொரு சிஸ்டர் இருந்தார்.

நீமாவுக்கு இங்கே நர்ஸ் வேலை பார்க்க அனுமதி கிடையாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரையும் உடம்புக்கு என்ன என்பதையும் கேட்டு உள்ளே அனுப்புவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. தமிழும் அப்படியே பழகட்டும் என்று நினைத்தார்கள்.

திருச்சியில் சில மாதம் ஒரு வாத்தியாரிடம் தமிழ் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நல்ல தமிழ். அதுதான் சிக்கல். "தாங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று அவள் கேட்டால் வரிசையில் நின்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இருந்திருக்கும். அவர்கள் திருப்பிச் சொல்கிற பதிலோ அவளுக்குப் பிடிபடாது. வீடு தெரியும், வூடு தெரியாது. 'வந்துவிட்டான்' தெரியும், 'வந்துட்டான்' என்று வாயை மூடுவதற்குள் முடிந்துபோகிற சொல் தெரியாது.

முதல் வாரம் ஒரு அம்மா கேட்டார். "எந்த ஊரு தாயி நீ?"

"தான்சானியா."

"தஞ்சாவூரா? தஞ்சாவூர்ல எந்தப் பக்கம்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவள் தஞ்சாவூர் சிஸ்டர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் பல் தெரியச் சிரிப்பாள்.

சாப்பாடு இன்னொரு பாடு. அவள் ஊரில் மக்காச்சோள மாவைக் கிண்டிக் களி மாதிரி சாப்பிடுவார்களாம். எங்கள் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம். "இவ்வளவும் யார் சாப்பிடுகிறார்கள்?" என்று வந்த புதிதில் கேட்டாள். கோழித் தீவனத்துக்குப் போகிறது என்றேன். பிறகு ஒருநாள் ஒரு பை மக்காச்சோளத்தை வாங்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போயிருக்கிறாள். "எத்தனை கோழி வளக்குறீங்க சிஸ்டர்?" என்று மில்காரர் கேட்டாராம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். களியைக் கிண்டி எங்களுக்கும் வைத்தாள். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டோம்.

இப்படி நான் சொல்வதைக் கேட்டு அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். மாலையில் வாசலைப் பூட்டியதும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "காது வலிக்கிறது சிஸ்டர்" என்பாள். காதில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க ஒவ்வொரு சத்தத்தையும் துரத்திப் பிடித்துப் பிடித்து அசந்துபோகிற வலி. உங்களுக்கும் அது வரும். வந்தால் பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்று. மெல்ல மெல்ல அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்று சொல்லப் பழகினாள். புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க. திரும்பத் திரும்பக் கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கிறதே என்ற கூச்சம். சரிங்க என்று சொன்னால் எல்லாரும் சிரித்த முகத்தோடு போய்விடுகிறார்கள். நான் கவனித்துவிட்டு, "புரியலைன்னா புரியலைன்னு சொல்லிடணும் நீமா" என்றேன்.

"சரிங்க சிஸ்டர்" என்றாள். அதுவும் எந்தச் சரிங்க என்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம் அது. அந்த வருடம் பருத்தி ஆள் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பூச்சியும் அதிகம். மழை விட்ட நேரமெல்லாம் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்த இன்னொரு சிஸ்டர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. பெரம்பலூரில் ரயில் இல்லை என்பதால் அவரை அழைத்துக்கொண்டு அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலேற்றிவிட்டு மதியத்துக்குமேல் திரும்பிவிடுவதாகத் திட்டம். ஆஸ்பத்திரி அன்று கிடையாது. யாராவது வந்தால் சாயங்காலம் வரச் சொல் என்று நீமாவிடம் சொல்லியிருந்தேன்.

நான் இல்லாதபோது நடந்ததைப் பிற்பாடு நீமாவிடமும் அன்று தேடி வந்த பெண்ணிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிற்பகலில் செல்வி என்கிற பெண் வேகவேகமாக வந்திருக்கிறாள். அவள் புருஷன் முருகேசன் காலையிலிருந்து பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவன்.

"பெரிய சிஸ்டர் இல்லீங்களா? எங்க வூட்டுக்காரரு காட்டுல மருந்து அடிச்சுட்டு வந்தாருங்க. வந்ததும் தலைய சுத்துதுன்னு படுத்துட்டாரு. ஒரு மாதிரியா கெடக்குறாரு. என்னங்க பண்றது?"

நமக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. நீமாவின் காதால் கேட்டுப் பாருங்கள். காடு என்றால் மரங்களும் மிருகங்களும் இருக்கிற இடம். அடித்தல் என்றால் கையாலோ தடியாலோ அடிப்பது. மருந்து என்றால் நோய் தீர்ப்பது. மற்றதெல்லாம் ஓடிப்போய்விட்டது. கையில் மிஞ்சியது இரண்டு சொல்: மருந்து, படுத்துட்டாரு. யாரோ மருந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

"சரிங்க. நல்லது. தூங்கட்டும்" என்றாள்.

செல்வி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். "அங்கி போட்டவங்க சொல்றாங்களே, தூங்கினா சரியாயிடும்போலன்னு போயிட்டேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

நீமா கதவைச் சாத்தப் போனவள் சாத்தவில்லை. அந்தப் பெண்ணின் முகம் மனதைவிட்டுப் போகவில்லை என்றாள். "நல்லது என்று நான் சொன்னேன். கேட்டவள் முகத்தில் நல்லது இல்லை." தான் எதையோ தவறவிட்டுவிட்டோம் என்று தெரிந்தது; எதை என்று தெரியவில்லை. எனக்குப் போன் செய்தாள். நான் ஸ்டேஷன் இரைச்சலில் இருந்தேன், கேட்கவில்லை. ஆஸ்பத்திரியைப் பூட்டாமலேயே தெருவில் இறங்கிவிட்டாள்.

செல்வி எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை. குழாயடியில் நின்ற பெண்களிடம் கேட்டிருக்கிறாள். "அந்த அம்மாவின் வீடு எங்கே?" எந்த அம்மா என்று அவர்கள் கேட்க, பெயர் தெரியாது, அடையாளம் சொல்லத் தமிழ் வரவில்லை. தெருத்தெருவாக நடந்தாள். அரை மணி நேரம் போயிருக்கும். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் சுவரோரமாக மருந்தடிக்கிற டேங்க் சாய்த்துவைத்திருப்பதைப் பார்த்தாள். காற்றில் வந்த நெடி அவளுக்குத் தெரிந்த நெடி. சொந்த ஊரில் அவள் அப்பா சோளக்காட்டிலிருந்து திரும்பும்போது சட்டையில் வருகிற நெடி. அந்த இடத்தில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

எனக்கு இரண்டாம் முறை போன் வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் வரிசைகட்டிப் போக, பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. இங்கிலீஷில் பேசினாள். குரல் தாழ்ந்து, ஒரே வேகத்தில், ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொல்கிற மாதிரி. கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. வாயில் எச்சில் வழிகிறது. உடம்பெல்லாம் வேர்வை. தொடைச் சதை தானாகத் துடிக்கிறது. கூப்பிட்டால் கண் திறக்கிறார், பேசவில்லை. பெயர் முருகேசன் என்கிறார்கள்.

பூச்சிமருந்து உடம்புக்குள் இறங்கியிருக்கிறது. பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனை வாங்கி 108-க்கு அடித்தேன். வண்டி வேறொரு கேசுக்குப் போயிருக்கிறது, திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். காத்திருந்தால் மூச்சு நின்றுவிடலாம். முருகேசனின் அண்ணன் ராஜேந்திரனிடம் வெங்காயம் ஏற்றுகிற குட்டியானை வண்டி உண்டு என்பது எனக்குத் தெரியும். அவரிடம் போனைக் கொடு என்றேன்.

"நீங்க வாங்க சிஸ்டர், வந்து பாருங்க" என்றார் எடுத்ததும். "இந்தப் பொண்ணு மொதல்ல நல்லது, தூங்கட்டும்னு சொல்லி அனுப்பிருக்கு. இப்ப வந்து சட்டையக் கழட்டு, சோப்புப் போட்டு தண்ணிய ஊத்துங்குது. என்னா வெளையாட்டா இது? மோர் குடுத்தாத் தெளிஞ்சிடும்னு இங்க பெரியவங்க சொல்றாங்க."

அவர் பின்னால் சத்தம். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள் என்று தெரிந்தது. அதற்கு நடுவே யாரோ ஒருவன், "டேய், வீடியோ எடு, வீடியோ எடு" என்றது தெளிவாகக் கேட்டது.

பிள்ளைகளே, அந்த ஒரு நிமிஷத்தில் என் தலைக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். வெளிநாட்டுப் பெண். அங்கி போட்டவள். நினைவு தப்பிக் கிடக்கிற ஓர் ஆணின் சட்டையைக் கழற்றித் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். அதை ஒருவன் போனில் பிடிக்கிறான். முருகேசன் செத்துப்போனால் என்ன பேசுவார்கள், அந்தப் படத்துக்கு மேல் என்ன எழுதிப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் விசா, நம் ஆஸ்பத்திரி, எல்லாம் கண்முன்னால் வந்து போயிற்று. 'அவளை விலகி நிற்கச் சொல்லுங்க, நான் வந்துர்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். நாமும் தப்பித்திருப்போம். ராஜேந்திரனும் அதைத்தான் கேட்டார்.

ஆனால் முருகேசன் பக்கத்தில் நான் இல்லை. அவள் இருந்தாள். என்ன நடக்கிறது என்பது அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"தம்பி, நான் வர நேரமாகும். அதுவரைக்கும் அவ சொல்றது நான் சொல்றது. அவ நர்சு. மோர் குடுக்காதீங்க, வாயில எதுவும் ஊத்தாதீங்க. ஒடம்பக் கழுவுங்க, வண்டில ஏத்துங்க."

"அவ ஒருதரம் தப்பா சொன்னவதானே சிஸ்டர்?"

"ஆமா. இப்ப சரியா சொல்றா."

போன் மறுபடி நீமாவின் கைக்குப் போனது. அதை அணைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்போல. அதனால் அடுத்ததை நானே கேட்டேன். கூட்டத்தைப் பார்த்து அவள் பேசினாள். பதற்றத்தில் ஊர்த்தமிழ் வரவில்லை, வாத்தியாரின் தமிழ்தான் வந்தது.

"நான் தவறு செய்துவிட்டேன். எனக்குப் புரியவில்லை. புரியாமல் சரி என்று சொன்னேன். இப்போது புரிகிறது. தண்ணீர் கொண்டு வாருங்கள். சோப்பு கொண்டு வாருங்கள். தயவுசெய்து விரைவாக."

எப்போதும் சிரிக்கிறவர்கள் யாரும் சிரிக்கவில்லை. யாரும் நகர்கிற சத்தமும் இல்லை. பிறகு தகரம் தரையில் மோதுகிற சத்தம். செல்வி வாளியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். "ஊத்துங்க சிஸ்டர்" என்றது அவள் குரல். அதற்குப்பின் தண்ணீர்ச் சத்தம்தான்.

கைகாட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கி நின்றேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளூர்ச் சாலையில் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்ற அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் கொஞ்ச நேரமாக இல்லை. குட்டியானை வந்தது. ராஜேந்திரன் ஓட்டினார். பின்னால் வெங்காயச் சாக்குகளின் மேல் முருகேசனை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தாள் நீமா. இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தாள். அங்கி முழுக்க ஈரம். வாயில் கோத்து வருகிற எச்சிலைத் தன் முக்காட்டுத் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். செல்வி புருஷனின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மருந்துப் பாட்டிலை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

நான் ஏறிக்கொண்டதும் வண்டி பெரம்பலூரைப் பார்த்துப் பறந்தது. பாதி வழியில் நீமா என் பக்கம் சாய்ந்து இங்கிலீஷில் கேட்டாள்.

"சிஸ்டர், இவர் இறந்துபோனால் இந்த அம்மாவிடம் நான் சொல்ல வேண்டும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?"

எத்தனையோ சாவு பார்த்தவள் நான். எத்தனையோ வீட்டில் அந்தச் செய்தியைச் சொன்னவள். "மூச்சைப் பாரு" என்று மட்டும் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரியில் வண்டியை நிறுத்துவதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. டூட்டியில் இருந்தது ஓர் இளம் டாக்டரம்மா. பாட்டிலை வாங்கிப் பார்த்துக்கொண்டே ஊசிகளைச் சொல்ல ஆரம்பித்தார். "எப்ப ஆரம்பிச்சது? ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

ராஜேந்திரன் நீமாவைப் பார்த்தார். செல்வி தரையைப் பார்த்தாள். "என்னால்" என்றாள் நீமா. டாக்டரம்மாவுக்கு அதைக் கேட்க நேரமில்லை. உடம்பைக் கழுவியாயிற்றா என்று மட்டும் கேட்டார். கழுவியாயிற்று என்றேன். கதவு மூடிக்கொண்டது. "இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்க" என்று சாயங்காலம் வெளியே வந்து சொன்னார்.

முருகேசன் பிழைத்தான். ஆனால் அப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடியாதபடி நாட்கள் போயின. தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். ஒருநாள் தேறுகிறது என்பார்கள், மறுநாள் உதட்டைப் பிதுக்குவார்கள். செல்வி வராந்தாவிலேயே கிடந்தாள். நான் பஸ் பிடித்துப் போய் வருவேன். நீமாவை அழைத்துப் போகவில்லை. ராஜேந்திரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் வீடியோ ஊரைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. நான் பயந்த மாதிரியே, தண்ணீர் ஊற்றுகிற இடம் மட்டும் வெட்டி எடுத்து, ஞானஸ்நானம் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் விசாரிக்க வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். நீமாவின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ராஜேந்திரனையும் வரவழைத்திருந்தார்கள்.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. தம்பி அங்கே குழாயோடு கிடக்கிறான். இந்தப் பெண்மேல் வெறுப்பு. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், அவள் அடுத்த வாரம் ஊர் திரும்பியிருப்பாள்.

ஏட்டு போனை நீட்டி, "இது உங்க வூட்ல நடந்ததுதானே? என்னய்யா இது?" என்றார்.

ராஜேந்திரன் அதை முழுக்கப் பார்த்தார். "இந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இருக்குங்க ஏட்டய்யா. புரியாமயே தூங்கட்டும்னு சொல்லுச்சு. அது வேற. அதுக்கு நான் பெரிய சிஸ்டர்கிட்ட பேசிக்கிறேன்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "இது சோப்புத் தண்ணிங்க. டாக்டரே ஊத்தச் சொல்லுவாங்க. இதப் போய் என்னான்னு எழுதிருக்கானுங்க பாருங்க."

ஏட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். ராஜேந்திரன் நீமாவை ஏறெடுத்தும் பார்க்காமல் படியிறங்கினார்.

திருச்சியிலிருந்து அப்போதிருந்த பெரிய மதர் போனில் பேசினார். சிட்டியில் நம் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே இங்கிலீஷே போதும், பெண்ணை அங்கே மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். அக்கறையோடு கேட்டதுதான். அவளிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவள் தமிழ் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். எங்களிடம் இங்கிலீஷ், கோயிலில் மௌனம். பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தவளிடம் மதர் சொன்னதைச் சொன்னேன். கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு சம்பந்தமில்லாத மாதிரி ஒன்று சொன்னாள்.

"எங்கள் மொழியில் மருந்துக்கு டாவா என்று பெயர். அடிப்பதற்கு பிகா. பூச்சிக்குத் தெளிப்பதை நாங்கள் பிகா டாவா என்போம். மருந்து அடி. வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான் சிஸ்டர்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"எங்கள் அப்பாவும் டாவா அடித்துவிட்டு வந்து தலைசுற்றிப் படுத்திருக்கிறார். எங்கள் அம்மாவும் இப்படித்தான் ஓடியிருக்கிறாள். அந்த அக்கா சொன்னதை நேராக என் மொழியில் கேட்டிருந்தால் புரிந்திருக்கும். நான் எல்லாத் தமிழையும் முதலில் இங்கிலீஷுக்குக் கொண்டுபோகிறேன். அங்கே மருந்து வெறும் மருந்து. அடி வெறும் அடி." அழ ஆரம்பித்தாள். "எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் அவள் சொன்னாள்."

இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். போகிற இடத்தில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொன்னால், அதை இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு வராதீர்கள். உங்கள் தெருவில், உங்கள் சித்தி அதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று பாருங்கள். பாதி இடத்தில் நேர்வழி இருக்கும். அப்போதும் புரியாவிட்டால் வாயைத் திறந்து கேளுங்கள். புரியாததற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

நீமா சிட்டிக்குப் போகவில்லை. போக மாட்டேன் என்று வீரமாக ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். முதலில் வந்தவர் என்னவோ சொன்னார். "புரியல. இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். "புரியல. மெதுவா சொல்லுங்க." அவர் சலித்துக்கொண்டு நேராக உள்ளே வந்துவிட்டார்.

அப்படித்தான் போயிற்று பல வாரம். வரிசை நகராது. "இதென்ன சிஸ்டர், இந்த அம்மா கோர்ட்ல கேக்குற மாதிரி கேக்குது" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்கள். எங்கே வலி என்றால் எந்த இடம் என்று தொட்டுக் காட்டச் சொல்வாள். நேற்றிலிருந்து என்றால் நேற்று என்ன செய்தீர்கள் என்பாள். கேட்டதைத் தன் தமிழில் திருப்பிச் சொல்லி, சரியா என்று அவர்களையே கேட்பாள். சரிங்க என்பதை இப்போது அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முருகேசன் வீடு திரும்பினான். குரல் கரகரவென்று ஆகிவிட்டது, ஆளும் பாதியாக இளைத்திருந்தான். பையனுக்குக் காய்ச்சல் என்றால் செல்வி வருவாள். வாசலில் இருக்கிற நீமாவைப் பார்க்காத மாதிரி கடந்து, நேராக என்னிடம் வருவாள். நீமா எழுந்து நிற்பாள். அறுவடை முடிந்து, அடுத்த விதைப்பும் வந்தது. செல்வி கடந்து போய்க்கொண்டேதான் இருந்தாள். நான் சமாதானம் பேசவில்லை. செல்விக்கு அந்த அரை மணி நேரத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஒருநாள் காலை கூட்டம் குறைந்தபிறகு எட்டிப் பார்த்தேன். செல்வி வந்திருந்தாள். பையன் இல்லை, தனியாக. நீமாவுக்கு எதிரே இருந்த பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன செல்வி, உள்ள வா" என்றேன்.

"இருங்க சிஸ்டர். இவங்ககிட்ட சொல்லிட்டு வரேன்."

"எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம்ங்க." முந்தானையைத் திருகிக்கொண்டாள். "அவரு மறுபடியும் மருந்தடிக்கப் போறேங்குறாரு. கையி வேற நடுங்குது, எங்கிட்ட மறைக்கிறாரு. இன்னும் என்னென்னமோ இருக்கு. நீங்க நான் பாதி சொல்லையிலயே புரிஞ்சுபோச்சுன்னு மாத்திரைய எடுத்து நீட்டிருவீங்க. இவங்க முழுசாக் கேக்காம வுட மாட்டாங்க."

நான் உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே பேச்சு நடந்துகொண்டிருந்தது. செல்வியின் குரல் உயரும், தழுதழுக்கும், நிற்கும். நடுநடுவே நீமாவின் குரல். "புரியல அக்கா. அந்த இடத்துலேருந்து மறுபடி சொல்லுங்க."

அன்றைக்கு என் முறை வர வெகுநேரம் ஆயிற்று.